சின்னராசா ஊற்றிய நிலம்

தர்சிகாவுக்கு மறதி என்ற வியாதி வந்ததே இல்லை. லிங்கநகரில் அவளோடு வளர்ந்த யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். ஐந்தாம் வகுப்பில் தன் அடிமட்டத்தை முறித்தவளின் பெயரை, முப்பத்தேழு வயதிலும் தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொல்லக்கூடியவள். அப்படிப்பட்டவள் கட்டடக் கொந்தராத்துக்காரர் சின்னராசாவைப் பதினொரு வருடம் சும்மா விட்டு வைத்திருந்தாள் என்றால், அதற்குக் காரணம் பெருந்தன்மை அல்ல. இடம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

கொங்கிறீற் நிலத்தைத் தேய்த்து மினுக்குவது அவள் தொழில். மாபிள் ஒட்டத் தேவையில்லை. ஊற்றிக் காய்ந்த கொங்கிறீற்றின் மேல்தோலை வைரப் பல் வைத்த மெசினால் அரைத்து எடுத்து, பிறகு பல்லை மாற்றி மாற்றி நைசாக்கிக்கொண்டே போனால், கடைசியில் குனிந்து பார்க்கிறவரின் முகம் அதில் தெரியும். ஏ.எல். பரீட்சை எழுதிய கையோடு, துறைமுகப் பக்கம் ஒரு பண்டகசாலையில் நிலம் தேய்க்க வந்த கொழும்புக் கம்பனியில், அரைக்கும்போது வரும் சேற்றை வழிக்கும் வேலைக்குத்தான் போனாள். சித்திரை வருசப் பிறப்புக்கு ஊருக்குப் போன மெசின்காரன் திரும்பி வராத ஒரு கிழமையில் அவள் கைபிடியைப் பிடித்தாள். அந்த மெசின் எருமைக் கன்று மாதிரி. தள்ளினால் முரண்டு பிடிக்கும், இடுப்பால் திருப்பினால் சொன்ன பக்கம் வரும். அந்த வித்தை அவளுக்கு மூன்றாம் நாளே பிடிபட்டுவிட்டது.

இருபத்தாறு வயதில், கம்பனி கழித்துவிட்ட பழைய மெசின் ஒன்றைத் திருத்தி எடுத்துக்கொண்டு ஊரில் சொந்தமாகத் தொடங்கினாள். கிடைத்த முதல் பெரிய வேலை ஊர்ச் சங்கத்தின் கலியாண மண்டபம். நிலம் ஊற்றியவர் சின்னராசா. வெள்ளைச் சேட்டும் சந்தனப் பொட்டுமாக, யாரையும் 'ராசா', 'பிள்ளை' என்று அன்பொழுகக் கூப்பிடும் மனிதர். உச்சி வெயிலில், வேலை சுலபமாக ஓடட்டும் என்று கொங்கிறீற்றைக் கஞ்சி போலக் குழைத்து ஊற்றினார். ஊற்றிய பிறகு, அது இறுகுவதற்கு மேலே ஒரு நாள்கூடத் தண்ணீர் கட்டவில்லை.

"மாமா, இப்பிடி விட்டால் மேல்தோல் புழுதியாப் போகுமே. தண்ணி கட்டுங்கோ" என்றாள் தர்சிகா.

"நீ பிறக்க முதல் நான் கரண்டி பிடிச்சவன் பிள்ளை" என்று சிரித்தார் அவர்.

இரண்டு மாதம் போனது. ஒரு கலியாணத்தன்று பொம்பிளையின் கூறைச் சேலைக் கரையெல்லாம் வெள்ளைப் புழுதி. மேடைக்கு முன்னால் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. சங்கம் கூடியது. சின்னராசா எழும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இரக்கத்தோடு பேசினார்.

"எங்கட கொங்கிறீற் கல்லு மாதிரிப் போட்டது. அந்தப் பிள்ளை அசிட் ஊத்தித் தேச்சிருக்குது. மெசினும் பொம்பிளைப் பிள்ளை பிடிச்சது, ஆட்டின ஆட்டத்திலை நிலம் வெடிச்சிட்டுது. பாவம், ஆசையிலை செய்தது. விடுங்கோ."

வாசலில் நின்ற தர்சிகா வாயைத் திறக்கு முன், அவளுடைய தகப்பன் கந்தவனம் எழுந்துவிட்டார். துறைமுகத்தில் முப்பது வருடம் காவலாளியாக இருந்தவர், சபையில் ஒரு நாளும் பேசியறியாதவர். சின்னராசாவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"என்ரை பிள்ளை செய்த பிழைக்கு நான் மன்னிப்புக் கேக்கிறன்."

அன்றிலிருந்து அவளுக்கு ஊரில் 'அசிட் தர்சிகா' என்று பெயர். ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. கந்தவனம் மண்டபத்து வழியால் போவதை விட்டுவிட்டு, கடைக்குக்கூட அடுத்த தெருவால் சுற்றிப் போனார். இரண்டு வருடத்தில் செத்தும் போனார். செத்தவீட்டுக்கு மலர்வளையத்தோடு வந்த சின்னராசா, "பிள்ளை, மனதைத் திடப்படுத்திக்கொள்" என்று தர்சிகாவின் தலையைத் தடவினார். அவள் அன்று தலைக்கு மூன்று தரம் தண்ணீர் வார்த்தாள்.

பிறகு கொழும்பு. ஒன்பது வருடம் அங்காடி, வாகனக் காட்சியறை, ஆஸ்பத்திரி என்று தேய்த்துத் தேய்த்து அவள் கைக்கு ஒரு பேர் வந்தது. ஒவ்வொரு மெசினை முடுக்கும்போதும் அந்தக் கூப்பிய கை அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. முதல் அரைப்புக்கு மெசின் போடும் கரகரப்பில், சின்னராசா என்ற பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. பல தடவை சொல்லியிருக்கிறாள்.

இடம் வாய்த்தது ஆதிலாவால். கிண்ணியாவில் புடவைக்கடை வைத்திருக்கும் தாஹிர் ஹாஜியாரின் மகள், கொழும்பில் வீட்டு உள் அலங்காரம் படித்தவள். அங்கே ஒரு கோப்பிக் கடையில் தர்சிகா தேய்த்த நிலத்தைக் கண்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதில் நடந்து பார்த்து, விசாரித்துக்கொண்டு நேரே வந்துவிட்டாள். லிங்கநகருக்குப் பக்கத்தில் ஓர்ஸ் ஹில் மேட்டில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி அவளுடைய வாப்பா ஒரு சாப்பாட்டுக் கடையும், அதற்குப் பின்னால் விருந்தினர் தங்க இரண்டு மாடிக் கட்டடமும் கட்டுகிறார். கடை மண்டபத்துக்கு இப்படி ஒரு நிலம்தான் வேணும்.

"கொங்கிறீற் ஆர் போட்டது?" என்று தர்சிகா கேட்டாள்.

"லிங்கநகர் ஆள் ஒருத்தர். சின்னராசா எண்டு."

தர்சிகா கையில் இருந்த பிளேன்ரீயை முழுதாகக் குடித்து முடித்தாள். "வாறன்" என்றாள்.

இடம் பார்க்கப் போன அன்று சின்னராசாவே வாசலில் நின்றார். தலை நன்றாக நரைத்திருந்தது, பொட்டு அதே பொட்டு.

"அட, எங்கட கந்தவனத்தாற்றை மகள்! பெரிய ஆளா வந்திட்டாய். பழசெல்லாம் நான் மறந்திட்டன் பிள்ளை. உன்னிலை எனக்கு ஒரு கோபமும் இல்லை."

செய்தவர் மன்னிக்கிறார்! தர்சிகாவுக்குக் காதுக்குள் சூடு ஏறியது. "ஓம் மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மண்டபத்தின் ஒரு மூலையில், தண்ணீர்க் குழாய்க்காக நிலத்தை வெட்டி விட்டிருந்தார்கள். அவள் அந்த வெட்டு முகத்தில் போத்தல் தண்ணீரை ஊற்றி, விரலால் துடைத்து, முழங்காலில் இருந்து பார்த்தாள். சாம்பல் நிறத்துக்குள் நகக்கண் அளவு வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. ஒன்றைப் பெயர்த்தாள். ஊரி. கடற்கரை மணலில் கிடக்கும் சின்னச் சுருட்டைச் சிப்பி. காய்ந்த துகளைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

மகாவலி ஆற்று மணல் என்று சொல்லிக் கடல் மணலை, கழுவாமலே போட்டிருக்கிறார் மனிதர். நிலத்துக்குள் கம்பி இல்லை, நிலம் தப்பிவிடும். ஆனால் பின்கட்டடத்தின் தூண்கள் எழும்பி நின்றன. மேல் தட்டுக்குப் பலகை அடித்துக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். முற்றத்தில் கிடந்தது அதே மணல் கும்பி. உப்பு கம்பியில் ஏறினால் துருவேறிக் கறள் பிடிக்கும், கறள் பிடித்த கம்பி ஊதிக் கொங்கிறீற்றை உள்ளிருந்து வெடிக்க வைக்கும். ஐந்து வருடமோ பத்து வருடமோ, அந்தத் தட்டு ஒருநாள் யார் தலையிலாவது இறங்கும்.

தாஹிர் ஹாஜியார் பின்னால் வந்து நின்றார். "எப்படி மகள், நல்லா இரிக்கா?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த வார்த்தையை இப்போது சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு லோட் மாறி வந்திட்டுது ஹாஜியார் என்பார் சின்னராசா. மன்னிப்புக் கேட்பார், மணலை மாற்றுவார், கதை அந்த மதிலுக்குள்ளேயே முடிந்துவிடும். அவளுக்குச் சபை வேண்டியிருந்தது. கந்தவனம் கை கூப்பியதும் சபையில்தானே.

"நல்லா இருக்கு ஹாஜியார்" என்றாள். "மெசின் கொழும்பிலை இருந்து வர பதினொரு நாள் எடுக்கும். முதல் தேய்ப்பு அண்டைக்கு நாலு பேரைக் கூப்பிடுங்கோ. கடைக்கும் நல்லதுதானே. லிங்கநகர்ச் சங்கத்து ஆக்களையும் கூப்பிடுங்கோ."

ஹாஜியாருக்கு அந்த யோசனை மெத்தப் பிடித்தது.

வீட்டுக்கு வந்து அக்கா சோபனாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சோபனா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள், கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்த மேல் தட்டு எப்ப போடுறது?"

"வாற வியாழன்."

"அப்ப புதனுக்குள்ளை சொல்லு. சின்னராசா அப்பாவைக் கும்பிட வைச்சவன், சரி. அந்தச் சோனக மனிசன் உனக்கு என்ன செய்தது?"

"ஒண்டும் செய்யேல்லை."

"பிறகு?"

"அக்கா, அப்பா கும்பிட்ட நேரம் நீ அங்கை நிக்கேல்லை" என்றாள் தர்சிகா. சோபனா கத்தியைத் திரும்ப எடுத்தாள். மீனைக் கொஞ்சம் பலமாக வெட்டினாள்.

வியாழக்கிழமை தர்சிகா ஓர்ஸ் ஹில்லுக்குப் போயிருந்தாள். மண்டபத்தை அளக்கவென்று ஒரு சாட்டு. ஆதிலா அவளுக்கென்று கதிரை கொண்டுவந்து மரநிழலில் போட்டாள், இஞ்சி போட்ட தேத்தண்ணியும் இனிப்புத் தொதலும் தந்தாள். "அக்கா, ரூமுக்கும் நீங்கதான் நிலம் செய்யணும். வாப்பாட்ட நான் கதைச்சிட்டன்" என்றாள். தர்சிகா தொதலைச் சாப்பிட்டபடி, வாளி வாளியாகக் கொங்கிறீற் மேலே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கு நுனி வரைக்கும் சொல் வந்தது. அந்த நேரம் பார்த்து சின்னராசா மேலிருந்து, "என்ன பிள்ளை, மேற்பார்வையோ?" என்று பகிடி விட, வேலையாட்கள் சிரித்தார்கள். வந்த சொல்லை அவள் தேத்தண்ணியோடு விழுங்கினாள்.

முதல் தேய்ப்பன்று மண்டபம் நிறைய ஆட்கள். கடைக்காரர்கள், ஹாட்வெயார் முதலாளிகள், வீடு கட்டுகிற இரண்டு டொக்டர்மார், சங்கத்து ஆட்கள் ஐந்து பேர். பிஸ்கட்டும் சர்பத்தும் கொடுத்தார்கள். சின்னராசா முன் வரிசையில் காலுக்கு மேல் கால் போட்டு இருந்தார். தர்சிகா மெசினை முடுக்கினாள். தண்ணீர் விட்டு, கரடான பல்லால், வழமையை விட ஆழமாக இரண்டு தரம் அரைத்தாள். கூடம் முழுக்கச் சாம்பல் சேறு. மெசினை நிறுத்தி, வழிக்கும் கட்டையால் சேற்றை ஒரே இழுப்பாக இழுத்து ஒதுக்கினாள்.

நிலம் முழுக்கச் சிப்பி. வெட்டுப்பட்ட ஊரிகள் சுருள் சுருளாக, உடைந்த மட்டிகள் பிறை பிறையாக, இடையிடையே இளஞ்சிவப்பு. ஈரத்தில் அத்தனையும் பளபளத்தன. சின்னராசாவின் கால் மெல்லக் கீழே இறங்கியது. முகத்தில் இரத்தம் இல்லை. பார்க்கவென்று அவள் பதினொரு வருடம் காத்திருந்த முகம் அது. தர்சிகா அதை ஆற அமரப் பார்த்தாள்.

அப்போது ஆதிலா நிலத்தில் குந்தி, ஒரு சுருளை விரலால் தொட்டாள்.

"சுப்ஹானல்லாஹ்! வாப்பா, இங்க பாருங்களேன், எவ்வளவு வடிவு! கடலே உள்ளுக்க இரிக்கிற மாதிரி!"

அவ்வளவுதான். சனம் குனிந்தது. போன்கள் வெளியே வந்தன. டொக்டர் ஒருவர் தன் வீட்டுக்கும் இப்படியே வேணும் என்றார். சின்னராசா ஒரு நிமிடம் அந்தச் சனத்தைப் பார்த்தார். பிறகு எழும்பி, வெள்ளைச் சேட்டின் நுனியை இழுத்து விட்டுக்கொண்டார்.

"சொல்லாமல் செய்து காட்டுவம் எண்டு இருந்தனான்" என்றார் உரத்து. "கடல் பாத்த கட்டடம், நிலமும் கடலா இருக்கட்டுமே எண்டு நானே பாத்துப் பாத்துப் போட்டது."

கை தட்டினார்கள். சங்கத்துத் தலைவர் அவருடைய முதுகில் தட்டினார். தர்சிகா மெசினின் கைபிடியைப் பிடித்தபடி நின்றாள். தன் கையாலேயே அந்த மனிதனுக்கு மாலை போட்டாயிற்று! இனி கடல் மணல் என்று கத்தினால், பொறாமையில் கத்துகிறாள் அசிட் தர்சிகா என்பார்கள்.

ஆனால் கொஞ்ச நேரத்தில், அவர் சொன்ன சொல்லையே அவள் திரும்ப மனதுக்குள் போட்டுப் பார்த்தாள். நானே பாத்துப் பாத்துப் போட்டது. மனிதர் தன் வாயாலேயே ஒரு கயிறு திரித்துத் தந்திருக்கிறார்.

"மாமா" என்று கூப்பிட்டாள். கூடம் திரும்பிப் பார்த்தது. "இந்தச் சிப்பி நிலத்துக்கு மட்டும் போட்டதுதானே?"

"ஓம் பிள்ளை. நிலத்துக்கு மட்டும்தான்."

"தூணுக்குப் போடேல்லையே?"

"சீச்சீ. தூணுக்கு ஆரும் சிப்பி போடுவாங்களே? அது சுத்தமான மகாவலி மணல்."

"மேல் தட்டுக்கு?"

"அதுக்கும் அதே மகாவலிதான்" என்றவரின் குரல் சற்றுத் தேய்ந்தது. ஏதோ உறைத்திருக்க வேண்டும்.

"எல்லாரும் கேட்டனீங்கள்தானே" என்றாள் தர்சிகா.

கை கிரைண்டரை எடுத்துக்கொண்டு பின்கட்டடத்துக்கு நடந்தாள். ஏதோ அடுத்த வேடிக்கை என்று சனமும் பின்னால் வந்தது. "பிள்ளை, அங்கை தூசி, ஐயாமார் போகாதேங்கோ" என்று சின்னராசா முன்னால் ஓடி மறித்தார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போய், முதல் தூணின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு அரைத்தாள். தண்ணீர் ஊற்றினாள். அதே சுருள், அதே பிறை. இரண்டாம் தூண். மூன்றாம் தூண். தூசியை ஒரு விரலில் எடுத்து ஹாஜியாரிடம் நீட்டினாள்.

"நாக்கிலை வைச்சுப் பாருங்கோ ஹாஜியார்."

அவர் வைத்துப் பார்த்தார். துப்பினார்.

"கழுவாத கடல் மணல்" என்றாள் அவள். "உள்ளை இருக்கிற கம்பி முழுக்கக் கறள் பிடிக்கும். தூண் வெடிக்கும், தட்டு இறங்கும். இவர் நிலம் போட்ட கலியாண மண்டபத்திலையும் பிழை செய்தது இவர்தான். தண்ணி கட்டாமல் விட்டது. நான் அசிட் ஊத்தேல்லை. என்ரை அப்பா இவரைக் கும்பிட்டவர். நீங்கள் அஞ்சு பேரும் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்."

சங்கத்து ஆட்கள் நிலத்தைப் பார்த்தார்கள். சின்னராசா "சப்பிளை செய்தவன்தான் ஏமாத்திப்போட்டான்" என்று தொடங்கினார். "இப்பதானே நீங்களே பாத்துப் பாத்துப் போட்டது எண்டீங்கள்" என்று கையில் போனோடு நின்ற டொக்டர் கேட்டார். ஒருவரும் அவரைத் தொடவில்லை, ஏசவும் இல்லை. விலகி வழி விட்டார்கள். அந்த வழியால் அவர் நடந்து வெளியே போனபோது, தர்சிகாவுக்கு வயிறு நிறையச் சாப்பிட்டது போல இருந்தது.

அந்த நிறைவு அரை மணித்தியாலம் நின்றது. சனம் கலைந்த பிறகு தாஹிர் ஹாஜியார் அவளுக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். ஆதிலா சுவரோடு நின்றாள்.

"ஒண்டு கேக்கிறன், உண்மையச் செல்லணும்" என்றார். "உங்களுக்கு இது எப்ப தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். இன்றுதான் கண்டேன் என்றால் நம்பியிருப்பார். ஆனால் அன்று ஒரு பொய்க்காரனைத் தோலுரித்த கையோடு, அவளுக்கு அது வரவில்லை.

"வந்த முதல் நாளே தெரியும்."

ஹாஜியார் மேல் தட்டை அண்ணாந்து பார்த்தார். "வியாழக்கிழமை அத ஊத்தின நேரம், நீங்க அந்த மரத்தடியில இருந்து தேத்தண்ணி குடிச்சீங்க. எங்கட வீட்டுத் தொதல் தின்னீங்க."

"ஓம்."

"அவன் எண்ட கட்டடத்த உப்பால கட்டினான். நீங்க அதப் பாத்துக்கிட்டு இருந்தீங்க. அவன் உங்களுக்குச் செய்ஞ்சது அநியாயம்தான், இல்லண்டு செல்லல்ல. ஆனா எண்ட தூணையா புள்ள நீங்க ஆயுதமா எடுக்கணும்?"

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தர்சிகாவின் மனம் சொன்னது, வாய் திறக்கவில்லை. அவர்கள் குடும்பத்தில் மன்னிப்பு என்ற சொல் ஒருதரம் பிழையான இடத்தில் செலவாகிவிட்டிருந்தது.

"மண்டபத்து நிலத்த முடிங்க" என்றார் அவர் எழும்பிக்கொண்டு. "அது முடிஞ்சாப் பொறகு இந்தப் படியில ஏற வேணாம்."

ஆறு நாளில் முடித்தாள். அவள் வாழ்க்கையில் அதைவிடத் திறமாக ஒரு நிலமும் தேய்த்ததில்லை. ஆதிலா அந்த ஆறு நாளும் அந்தப் பக்கம் வரவில்லை. தேத்தண்ணியை வேலைக்காரர் கையில் கொடுத்து அனுப்பினாள்.

பின்கட்டடத்தை இடித்தார்கள். அந்தச் செய்தியோடு ஊரில் வேறு நான்கு வீட்டுக்காரர் தங்கள் தூண்களைக் கொத்திப் பார்க்க, சின்னராசாவுக்குத் தெருவில் இறங்க ஏலாமல் போனது. வீட்டைப் பூட்டிக்கொண்டு மன்னாரில் மகனிடம் போய்விட்டார். கேற்றில் பூட்டுத் தொங்குவதைப் பார்க்கவென்றே தர்சிகா இரண்டு தரம் அந்த ஒழுங்கையால் நடந்தாள். நன்றாகத்தான் இருந்தது. அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. "அந்தாள் வயசு போன நேரத்திலை..." என்று சோபனா இழுத்தபோது, "அப்பாவுக்கும் வயசு போயிருந்தது" என்றாள்.

வேலைகள் வரத் தொடங்கின. 'அசிட்' என்ற பட்டம் போய்விட்டது. அதற்குப் பதிலாகக் கொந்தராத்துக்காரர்கள் அவளுக்குப் பயப்பட்டார்கள். அவள் வருகிறாள் என்றால் மணலை அரித்துக் கழுவினார்கள். அந்தப் பயம் அவளுக்குப் பிடித்திருந்தது. ஓர்ஸ் ஹில்லின் நிலத்தைப் பற்றி மட்டும் யாராவது புகழ்ந்தால், பேச்சை மாற்றினாள்.

அடுத்த வருடம் ஒருநாள் ஓட்டோவில் அவ்வழியால் போனாள். பின்கட்டடம் புதிதாக எழும்பியிருந்தது. வாசலில் லொறி ஒன்று நின்றது. மாபிள் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள், மேல்மாடி அறைகளுக்கு. பெட்டிகளை எண்ணிச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஆதிலா, ஓட்டோச் சத்தத்தில் நிமிர்ந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டார்கள். தர்சிகா கையை உயர்த்தப் பார்த்தாள். ஆதிலா அதற்குள் குனிந்து அடுத்த பெட்டியின் நாடாவை வெட்டத் தொடங்கியிருந்தாள்.

"நிப்பாட்டவோ அக்கா?" என்று ஓட்டோக்காரர் கேட்டார்.

"வேண்டாம். போங்கோ" என்றாள் தர்சிகா.